நாலு லிட்டர்

1

கார் பந்தயத்துக்கு மறுநாள் அறையில் இருந்தவர்கள்: மேசைத் தலைமாட்டில் அணி மேலாளர். அவருக்கு வலப்பக்கம் ஓட்டுநர், ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி. கதவோரம் கருவிப்பெட்டி மேல், பேட்டரி பார்க்கும் அக்கா. அவருக்கு நாற்காலி போடவில்லை. பிரிண்டருக்குப் பின்னால் எரிபொருள் கணக்குப் பார்க்கும் நான்.

உண்மையில் இது விசாரணைக் குழுவுக்கு நான் எழுதவேண்டிய கடிதம். தைரியம் வராமல் கதையாக்கினேன்.

2

முதல் தொடக்கம்: 'அன்று வானம் இருண்டு...' (அடித்துவிட்டேன். பழி போடத்தான் அக்கா கிடைத்துவிட்டாரே, வானம் எதற்கு?)

இரண்டாவது: முதலிடத்தில் போன எங்கள் கார் கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்து நடுப்பாதையில் நின்றது. அதற்குத்தான் விசாரணை.

[பிரேக் பிடிக்கையில் வீணாகும் ஆற்றலைப் பேட்டரியில் சேர்த்து, நேர்பாதையில் திருப்பித் தருவோம். அந்த அளவுக்குப் பெட்ரோல் மிச்சம். அதை நம்பி, எடை குறைய நாலு லிட்டர் குறைத்துப் போடச் சொன்னார் மேலாளர். போதாதென்று, வேகம் கூடட்டும் என்று, பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று போகும் வழியையும் டேப் ஒட்டி அடைக்கச் சொன்னார். பேட்டரி கொதித்தது, சேமிப்பதைத் தானே நிறுத்திக்கொண்டது. பாரம் முழுக்க இன்ஜின் தலையில்.]

3

"பேட்டரி நின்னதுக்கு நீதாம்மா பொறுப்பு. அப்படித்தான் குழுவுக்கு எழுதப்போறேன். அணியோட லைசென்ஸ் போனா நான் என்ன பண்ண?"

"காத்துவழிய அடைக்காதீங்கன்னு மூணு தடவ சொன்னேன் சார்."

"எழுதிக் குடுத்தியா?"

"குடுத்திருந்தா மட்டும் படிச்சுக் கிழிச்சிருப்பீங்களா?"

ஓட்டுநர் ஹெல்மெட்டைத் துடைத்தார். "என்னை இழுக்காதீங்கப்பா. எனக்கு ஓட்டத்தான் தெரியும்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ பக்கத்துலதான இருந்த? வாயத் தொறந்து சொல்லேன்."

நான் பிரிண்டரில் காகிதம் வைத்தேன். அது ஏற்கெனவே நிறைந்திருந்தது.

4

டேப் ஒட்டியவன் என்று ஒரு மெக்கானிக்கைப் படைத்திருந்தேன். நகம் கடிப்பவன், சொன்னதைச் செய்பவன். இரண்டு வரைவு வரை பிழைத்திருந்தான். எங்கள் பட்டறையில் அப்படி ஒரு மெக்கானிக் கிடையாது. நகம் கடிப்பவன் நான். டேப் ஒட்டியது நான். நாலு லிட்டர் குறைத்த தாளில் இருப்பதும் என் கையெழுத்து.

5

முடிவு ஒன்று: அக்கா அழுதுகொண்டே... பொய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வெக்கங்கெட்ட பசங்களா" என்று மூவரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

முடிவு இரண்டு: மேலாளர் மனம் திருந்தி... (சிரிக்காதீர்கள்.)

மூன்றாவது, குழு என்ன செய்யும் என்பது. எனக்குத் தெரியாது, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மேலே உள்ள ஒன்று முதல் நான்கு வரையிலான பகுதிகளை அப்படியே படியெடுத்து, கீழே என் பெயரை முழுதாக எழுதினேன். குழுவின் முகவரி எழுதிய உறையை ஒட்டப் பசை இல்லை. மேசையில் அதே டேப் சுருள் கிடந்தது. ஒரு துண்டு கிழித்து, அன்றைக்குப் போலவே காற்றுப் புகாமல் அழுத்தி ஒட்டி, தபால்பெட்டியில் போட்டுவிட்டேன்.