ஹாரனில் இருந்த பியூஸ்

கிழங்கில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இன்னொரு துண்டை எடுத்துத் தோல் உரித்துத் தின்றார். கோழி வந்து நின்றது. தோலை அதற்குப் போட்டார். எங்கள் வீட்டில் சாதாரணமாக நடந்த கடைசிக் காரியம் அதுதான். கை கழுவ எழுந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். நெஞ்சின் மேல் யாரோ ஏறி நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

என் கணவர் மணிவண்ணன் உடம்புக்கு முடியாமல் படுத்து நான் பார்த்ததில்லை. மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்களுக்குக் கொஞ்சம் மிளகும் மரவள்ளியும் உண்டு. அது போக, ஈரோட்டுக்காரர் ஒருவரிடம் பழையதாக வாங்கிய காரை, மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு ஓட்டினார். அன்றைக்கு அந்தக் காரிலேயே அவரைப் படுக்க வைத்தோம். என் தம்பி யுவராஜ் லீவுக்கு வந்திருந்தான். அவன் நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவன். அவன்தான் எடுத்தான்.

மேலே ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த டாக்டரம்மா தாளைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டார். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார், ஊசி போட்டார். இதற்கு மேல் இங்கே ஒன்றும் இல்லை, நாமக்கல்லுக்குக் கொண்டுபோங்கள், எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது என்றார். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவக் கேஸோடு சேலம் வரைக்கும் போயிருந்தது. அது திரும்பி வரும்வரை காத்திருக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். குளிர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

கார்த்திகை மாதம். நாலு நாளாக விட்டு விட்டு மழை. மலையிறக்கம் தொடங்கும் இடத்தில் மேகம் ரோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. வெளியே வைப்பர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உள்ளே மூன்று பேருடைய மூச்சும், நனைந்த துணிகளின் ஈரமும் சேர்ந்து முன் கண்ணாடியில் பால் ஊற்றினாற்போல் படிந்துவிட்டன. யுவராஜ் துண்டால் துடைத்தான். துடைத்த கை ஸ்டீயரிங்குக்குத் திரும்புவதற்குள் மறுபடி மூடிக்கொண்டது. கண்ணாடியை இறக்கினால் சாரல் நேராக அவர் மேல் அடித்தது. ஏற்றிவிட்டான்.

ஏசியைப் போட்டால் கண்ணாடி தெளிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே பட்டனை அமுக்கினான். ஒன்றும் வரவில்லை. அந்தக் காரில் ஏசிக்கென்று சின்னத் திரை ஒன்று உண்டு. எண்கள் தெரிய வேண்டிய அந்தத் திரை கறுப்பாகவே இருந்தது. காற்றும் வரவில்லை. விரலால் அமுக்கினான், கட்டை விரலால் அமுக்கினான், கடைசியில் உள்ளங்கையால் அடித்தான். அப்படி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு வளைவில் கார் நேராகப் போய்விட்டது. கைப்பிடிச் சுவர் கண்ணாடியில் திடீரென்று முளைத்தது. பிரேக்கில் ஏறி நின்றான். கார் சுவரை உரசி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மேகம் மட்டுமே இருந்தது.

அவருடைய மூச்சு மட்டும் இழுத்து இழுத்துக் கேட்டது.

"இப்படியே போனா மூணு பேரும் போயிருவோம் அக்கா" என்றான் யுவராஜ்.

அவன் இறங்கி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மழையில் மண்டியிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினான். மூடியின் உட்புறம் பொடி எழுத்தில் எது எதற்கு என்று அச்சடித்திருந்தது. போன் வெளிச்சத்தில் நான் பின்னாலிருந்து எட்டிப் படித்துச் சொன்னேன். ஏசிக்கான இடத்தை அவன் விரலால் தொட்டான். இடம் காலியாக இருந்தது. பியூஸ் கருகவில்லை. பியூஸே இல்லை. மாற்று பியூஸ் வைக்கும் குழிகளும் காலி.

என் மடியில் கிடந்தவர் கண்ணைத் திறந்தார்.

"ஹாரனுக்குப் போட்டுட்டேன் மாப்ளே."

யுவராஜ் நிமிர்ந்து பார்த்தான்.

"அது போயிருச்சு. இதும் அதே சைசு. மலைல எவனுக்கு ஏசி?"

வாடகைக்கு வருகிறவர்கள் ஏசி கேட்டால், மலையே ஏசிதானுங்க, கண்ணாடிய எறக்கிக்குங்க என்று அவர் சொல்வதை நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர்களும் சிரித்துக்கொண்டு இறக்கிவிடுவார்கள். இங்கே எல்லாருடைய காரிலும் அப்படித்தான். ஏசி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஹாரன் அப்படியில்லை. எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாத இந்த வளைவுகளில் ஹாரன் இல்லாமல் யாரும் வண்டியை எடுக்க மாட்டார்கள். கண்ணாடி மூடும் நாட்களில் அவர் வண்டியையே எடுக்க மாட்டார். மழை விடட்டும் என்று வீட்டில் இருந்துவிடுவார்.

ஹாரனுடையதைப் போலவே சிவப்பு நிறத்தில், அதே அளவில் இன்னும் ஒரே ஒரு பியூஸ் இருந்தது. அது பிரேக் விளக்குக்கு உரியது. பின்னால் வருகிற வண்டி நம்மேல் ஏறிவிடும், அதைத் தொடக் கூடாது என்றான் யுவராஜ். மற்றவை வேறு அளவு. ஹாரனுடையதைத்தான் பிடுங்க வேண்டும். லாரிக்காரனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் கையை வைத்துவிட்டு எடுத்தான்.

"ஹாரன் இல்லாம எறங்காதே மாப்ளே" என்றார் அவர். "மேல வாரவன் பஸ்ஸுக்காரன். அவன் உன்னையப் பாக்க மாட்டான்."

"கண்ணாடி இல்லாம நான் எவனையும் பாக்க முடியாதே மாமா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிடுங்கு என்றேன்.

விரல் ஈரமாக இருந்ததால் வழுக்கியது. நகத்தைக் கொடுத்து நெம்பினான். வெளியே வந்த பியூஸ் கையிலிருந்து துள்ளிக் காருக்குள் எங்கோ விழுந்தது. அந்தச் சில நிமிடங்களை என்னால் இப்போதும் நினைக்க முடிவதில்லை. மிதியடியைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, கியருக்குப் பக்கத்தில், பிரேக்குக்குக் கீழே என்று அவன் தேடினான். நான் அவர் தலையை ஒரு கையால் தாங்கியபடி இன்னொரு கையால் பின் சீட்டின் அடியில் துழாவினேன். மண், பாக்குத் தாள், ஒரு மிளகுக் காம்பு, யார் வீட்டுக் குழந்தையோ விட்டுப்போன வளையல். அவர் நெற்றி வேர்த்துக்கொண்டே இருந்தது. சீக்கிரம் என்றுகூட நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் தம்பி இன்னும் பதறுவான்.

சீட் நகரும் தண்டவாளத்தின் இடுக்கில் அது கிடந்தது. வேட்டியில் துடைத்து, ஏசிக்கான இடத்தில் வைத்து அழுத்தினான். சாவியைத் திருப்பினான். திரையில் நீல எண்கள் வந்தன. முன் கண்ணாடிப் படம் போட்ட பட்டனை அமுக்கியதும் குபுகுபுவென்று காற்று வந்தது. மக்கிய இலை வாசம். கண்ணாடியின் அடியில் ஒரு கை அகலத்துக்குத் தெளிந்து, அது மெல்ல மேலே ஏறியது. முதலில் வைப்பர் தெரிந்தது, பிறகு ரோடு தெரிந்தது. யுவராஜ் அழுதுவிட்டான். அழுதுகொண்டே காரை எடுத்தான்.

அடுத்த வளைவு வந்தபோது அவன் பழக்கத்தில் ஸ்டீயரிங்கின் நடுவில் அமுக்கினான். சத்தம் வரவில்லை. விளக்கை அணைத்து அணைத்துப் போட்டான். அந்த மேகத்தில் வெளிச்சம் பாறையைத் தாண்டி எங்கே போகும்? நான் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, அவர் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடி, தலையை வெளியே நீட்டிக் கத்தினேன். வண்டி வருது, வண்டி வருது என்று. அதற்கு முன் நான் அப்படிக் கத்தியதில்லை. பிள்ளைகளைக்கூடக் கத்திக் கூப்பிட்டதில்லை. வளைவு முடிந்ததும் கண்ணாடியை ஏற்றினேன். அடுத்த வளைவில் மறுபடி இறக்கினேன்.

மூன்றாவதோ நான்காவதோ வளைவில், தலைப்புக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்தது.

"மீன் வண்டிக்காரன் தோத்தான் போ."

யுவராஜ் முன்னால் இருந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பிழைத்துவிடுவார் என்று அப்போது முழுதாக நம்பினேன். பேசாதீங்க, மூச்ச இழுத்து விடுங்க என்றேன். சரிங்க அம்மணி என்றார்.

ஓர் இடத்தில் மேலே ஏறி வந்த பஸ் என் சத்தத்தைக் கேட்டு வளைவுக்கு முன்பே நின்றிருந்தது. ஓட்டுநர் தலையை நீட்டி, ஹாரன் என்னாச்சு என்று கேட்டார். நான் உள்ளே கிடந்தவரைக் காட்டினேன். ஓட்டுநர் பஸ்ஸைப் பாறையோடு ஒட்டிப் பின்னால் எடுத்து எங்களுக்கு வழி விட்டார். ஜன்னல்களில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் காருக்குள் பார்த்தார்கள்.

இன்னும் கீழே, பாறையிலிருந்து எப்போதும் தண்ணீர் ஒழுகும் ஒரு வளைவில் கண்ணாடியை இறக்கியபோது காற்றில் தலைப்பு விலகியது. மழை அவர் முகத்தில் விழுந்தது. ஒரு துளி திறந்திருந்த கண்ணிலேயே விழுந்தது. அவர் இமைக்கவில்லை. கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். மடியில் இருந்த தலையின் கனம் வேறு மாதிரி இருந்தது.

யுவராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா எப்படி இருக்கார் என்று கேட்டான்.

"தூங்கறார். நீ ரோட்டப் பாரு" என்றேன்.

வளைவு வந்துவிட்டது. கத்த வேண்டியிருந்தது, கத்தினேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வளைவிலும் கத்தினேன். கண்ணை மூடிவிட்டு, தலைப்பை இழுத்துப் போர்த்திவிட்டு, தலையை வெளியே நீட்டிக் கத்தினேன். தொண்டை கிழிந்து வெறும் காற்றாக வந்தபோது கதவின் வெளிப்புறத்தைக் கையால் தட்டினேன். அவனுக்கு மனைவி இருக்கிறாள், கைக்குழந்தை இருக்கிறது. இந்த மலையில் அவனையும் விட்டுவிட என்னால் ஆகாது.

அடிவாரத்தில், காரவள்ளியில் மழை இல்லை. சமதளத்தில் கார் நேரானதும், இனி பறந்துவிடலாம் அக்கா என்றான். அப்போதுதான் ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

நாமக்கல்லில் பார்த்த டாக்டர், முன்னாலேயே வந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். யுவராஜ் அதை ஏற்கவில்லை. பியூஸ் தேடிய நேரத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். பதினாறாம் நாள் முடிந்ததும் ஹாரனுக்குப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டான். எந்த வளைவில் மாமா போனார் என்று மட்டும் ஒரு தடவை கேட்டான். கவனிக்கவில்லை என்று சொன்னேன்.

மாதம் ஒரு முறை பஸ்ஸில் அந்த வழியாக இறங்குகிறேன். பாறையில் தண்ணீர் ஒழுகும் அந்த வளைவில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிய மஞ்சள் பலகை ஒன்று உண்டு. கொஞ்சம் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்து, அது அங்கேயேதான் நிற்கிறது.