கையில் இறங்கியவர்

சம்பத் குருக்களுடைய வலது கைக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை காலைவரை ஒரு குறையும் இல்லை.

ஆம்பூருக்கு வெளியே, தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு நடுவே இருக்கிறது அந்தச் சிவன் கோயில். அன்று அவர் பூஜைக்கு உட்கார்ந்து, விரல் விரலாகத் தொட்டு மந்திரம் சொல்லி, சிவனைக் கையில் இறக்கிக்கொண்டிருந்தார். வெறும் மனுஷக் கை சாமியைத் தொடக் கூடாது; அது முதலில் சிவனின் கையாக வேண்டும். பூஜை முடிந்ததும் அதே விரல்களைத் தொட்டு அவரை வழியனுப்பினால்தான் கை மறுபடி நம்முடையது.

சுண்டுவிரல்வரை வந்திருந்தார். பின்பக்கத்திலிருந்து அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பக்கத்து ஷாப்பின் கழிவுத் தொட்டி விளிம்பில், அங்கே வேலை செய்யும் தபரேஸ் தொங்கிக்கொண்டிருந்தான். மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் மேலே போட்டார். அறுபது வயதில், வலது கை ஒன்றால்.

அந்தக் களேபரத்தில் பூஜை பாதியில் நின்றது மறந்தே போனது.

சாயங்காலம் மனைவி சோபனா அலறினாள். "ஏன்னா, கொதிக்கிற டம்ளரை இப்படிப் பிடிச்சிண்டிருக்கேளே!"

அவருக்குச் சுடவில்லை. கை சில்லென்றிருந்தது. வேலூர் டாக்டர் குத்திய ஊசி வளைந்தது.

மறுவாரம் தபரேஸ் வந்து மணிக்கட்டைக் காட்டினான். ஐந்து விரல் பள்ளங்கள். "சாமி, அன்னிக்கு என்னைப் புடிச்சது நீங்கதானா? பாறை புடிச்ச மாதிரி இருந்துச்சு."

அங்கக்குறை உள்ளவன் சாமியைத் தொடக் கூடாது. குருக்கள் தானாகவே விலகி, கலவை ஊரிலிருந்து சித்தப்பா மகன் ராஜேஷை வரவழைத்தார். முதல் நாளே அவன் அபிஷேகத்தைப் பாதியில் விட்டு வெளியே வந்தான்.

"அண்ணா, லிங்கம் வெதுவெதுன்னு இருக்கு. உள்ளே என்னமோ துடிக்கிறது."

குருக்கள் போய் இடது உள்ளங்கையை வைத்தார். நாடி. தன் கழுத்தையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே நடையில் ஓடின. அப்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை சிவனை வழியனுப்பாமலே ஓடியது நினைவுக்கு வந்தது.

"கையில குறையில்லைடா. இது என் கையே இல்லை. என்னோடது அவர்கிட்ட இருக்கு."

லிங்கத்திலிருந்து இடது கையை எடுக்காமலே வழியனுப்பும் மந்திரத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு விரலாக உயிர் திரும்பியது. தீயில் வைத்ததுபோல் எரிந்தது. உள்ளங்கைக்குக் கீழே லிங்கம் ஆறிக்கொண்டே வந்தது. சுண்டுவிரல் மட்டும் மிச்சம். துடிப்பு நூலாக இழைந்தது.

அந்தத் துடிப்பை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

"முடிங்கோண்ணா!" என்றான் ராஜேஷ்.

"இருக்கட்டும்."

மறுநாள் ராஜேஷ் பஸ் ஏறிப் போய்விட்டான். குருக்கள் பழையபடி பூஜை செய்கிறார். விபூதி வாங்கும்போது அந்தச் சுண்டுவிரல் பட்டால், சிலர் சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறார்கள்.