ஒன்பது கிலோ

டிரில்லைக் கையில் எடுத்த இசாவோ, மூன்றாவது முறையாக அதைக் கீழே வைத்தான். டிக்கி மூடியின் மேல் ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப்பில் பென்சில் கோடுகள் சரியாகத்தான் இருந்தன. கைதான் வரவில்லை. பழைய இரும்பு மூடி பன்னிரண்டு கிலோ. இந்த கார்பன் ஃபைபர் மூடி மூன்றே கிலோ. ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம், ஆனால் உள்ளங்கையால் அழுத்தினால் பொக்கென்று அமுங்கும். பின்பக்கம் இப்படி இளைத்துப்போனதில்தான் போன மாதம் சுகுபா ரேஸ் திடலின் கடைசி வளைவில் கார் வாலை வீசி, தமயோ ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றாள். காரை ஓட்டுகிறவள் அவன் மனைவியான அவள்தான். ஒரு நிமிடத்துக்குள் திடலை ஒரு தடவை சுற்றி வருவது என்பது அவளுடைய ஒன்பது வருட ஆசை. அரை விநாடிக்கும் குறைவாகத்தான் பாக்கி.

"மூடிக்குப் பூஜை ஏதும் பண்றீங்களா?" என்றாள் தமயோ. பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து நேராக வந்திருந்தாள். தடித்த கோட்டைக் கழற்றவில்லை.

"ஓட்டை போட்டுட்டா போட்டதுதான். வெல்டிங் வச்சு அடைக்க இது என்ன இரும்பா?"

போட்டான். கறுப்புத் தூசி பறந்தது. பின்பக்கத்தைக் காற்றால் தரையோடு அழுத்தி வைக்கிற இறக்கையை அப்படியே மூடியில் முடுக்கிவிடுகிற ஆட்கள் உண்டு. மணிக்கு நூற்றெழுபது கிலோமீட்டரில் போகும்போது காற்று அந்த இறக்கையின் மேல் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி அழுத்தும். மூடி விரிசல் விடும், அப்புறம் இறக்கை ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். இசாவோ மூடியில் இரண்டு பிளவு மட்டும் வெட்டி, அலுமினியக் கால்களை அதன் வழியே இறக்கி, கீழே காரின் எலும்பில் முடுக்கினான். மூடி தன்னைத் தானே சுமந்தால் போதும். மற்ற பாரமெல்லாம் அடியில் இருப்பவன் பார்த்துக்கொள்வான். கடைசி நட்டு இறுகியதும் இறக்கையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். மூடி முனகக்கூட இல்லை.

பின்னால் பாரம் ஏறியதால் ஸ்பிரிங்கைத் திருத்த வேண்டும். நான்கு டயருக்கு அடியிலும் எடைத்தட்டு வைத்தான். ஓட்டுகிறவர் உள்ளே உட்கார்ந்துதான் இதைச் செய்ய வேண்டும்.

"ரெண்டு அரிசி மூட்டையைத் தூக்கி வைங்களேன். நான் வேற இந்தக் குளிர்ல எதுக்கு?"

"அரிசி மூட்டைக்குக் கால் இருக்கா பெடல் மிதிக்க? கோட்டைக் கழட்டிட்டு ஏறு. கோட்டோடயா ரேஸ் ஓட்டப் போற?"

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கழற்றிவிட்டு ஏறினாள்.

போன வருடம் அவள் ஐம்பத்தெட்டு கிலோ. "காருக்காக இளைக்கிறேன்" என்று புத்தாண்டுக்குச் செய்கிற அரிசிப் பலகாரமான மோச்சியைக்கூடத் தள்ளி வைத்தாள். வேறு எந்த வீட்டிலாவது புருஷன் பயந்திருப்பான். இவன் திடலில் ஒவ்வொருவரிடமும் போய், என் பெண்டாட்டியைப் பாருங்கள் என்று பெருமையடித்தான். இரண்டு மூன்று கிலோ குறைந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தான். இப்போது அவள் ஏறுவதற்கு முன்னால் இருந்த கணக்கை ஏறிய பிறகு இருந்ததிலிருந்து கழித்தான். நாற்பத்தொன்பது.

தட்டு பழுது என்று நினைத்தான். அவளை இறக்கிவிட்டு, முப்பது கிலோ அரிசி மூட்டை ஒன்றைச் சீட்டில் வைத்தான். தட்டு முப்பது காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி அவளை ஏறச் சொன்னான். நாற்பத்தொன்பது.

தட்டில் ஒரு பழுதும் இல்லை.

"மூடியில நீங்க ஒன்பது கிலோ குறைச்சீங்க," என்றாள் தமயோ, ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி. "நானும் ஒன்பது. சரிக்குச் சரி."

இசாவோவுக்குச் சிரிப்பு வரவில்லை. கதவுப் பக்கம் வந்து குந்தினான்.

"சாப்பாடு இறங்கலைங்க. நவம்பர்லேருந்தே. ஆஸ்பத்திரியில பாத்ததுல வயித்துல என்னமோ தெரியுதாம். செவ்வாக்கிழமை கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாக்குறாங்க. அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை திடல்ல ஓட்டிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். முன்னாடியே சொன்னா நீங்க சாவியை எடுத்து ஒளிச்சு வச்சிருப்பீங்க."

"டாக்டர் ஓட்டக் கூடாதுன்னாரா?"

"அப்படிச் சொல்லல. அவரைக் கேட்டுட்டுத்தான் ஓட்டுறதா இருக்கேன்."

அவனுக்குக் கோபம் வந்தது. அவள்மேல் கொஞ்சம். மோச்சியைத் தள்ளி வைத்ததற்குக் கைதட்டிய தன்மேல்தான் மிச்சமெல்லாம். "அந்த மூடி தனியா பாரம் சுமக்கக் கூடாதுன்னு ரெண்டு காலு வச்சுக் குடுத்தேனே தமயோ," என்றான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவன் எழுந்து போய் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கதவில் ஒட்டியிருந்த டேப்பில் அவள் எடையாக முன்பு எழுதி வைத்திருந்த ஐம்பத்தெட்டை அடித்துவிட்டு நாற்பத்தொன்பது என்று எழுதினான். ஸ்பிரிங்கை அதற்கேற்பத் தளர்த்த ஆரம்பித்தான்.

முப்பது வருடம் தகரம் தட்டியதில் இசாவோவுக்கு வலது காது போய்விட்டது. கம்ப்ரஸர் ஓடினால் இடதும் கணக்கில் இல்லை. அதனால் அவன் காரின் பின்னாலிருந்து எது கேட்டாலும் தமயோ பிரேக்கை மிதித்துத்தான் பதில் சொல்வாள். பின்விளக்கில் ஒரு தடவை சிவப்பு எரிந்தால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பழக்கம். சண்டை போட்ட நாள்களில்கூட அது நின்றதில்லை.

"ஞாயித்துக்கிழமை உனக்குத் தெம்பு இருக்கா?" என்று சத்தமாகக் கேட்டான்.

சிவப்பு ஒரு தடவை எரிந்தது.

நட்டை இன்னும் கால் சுற்று திருப்பினான். கம்ப்ரஸர் ஓடாமல்தான் இருந்தது. இருந்தாலும் எழுந்து போய் முகத்தைப் பார்த்துக் கேட்க அவனால் முடியவில்லை.

"பயமா இருக்கா?"

சிவப்பு எரிந்தது. ஒரு தடவை.

"செவ்வாக்கிழமை நானும் கூட வரேன். வரட்டுமா?"

சிவப்பு எரிந்தது. இறக்கையின் அடிப்பக்கத்திலும், புதிதாக வெட்டிய பிளவின் ஓரத்திலும், ஸ்பானர் பிடித்திருந்த அவன் கையிலும் விழுந்தது. அவன் அது அணையட்டும் என்று காத்திருந்தான். அவள் காலை எடுக்கவே இல்லை.