வார்டில் வரைந்த முகம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதைக் குறைத்துக்கொண்டு சொல்லவும் தெரியாது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில், கொதிகஞ்சி கொட்டி வெந்த காலோடு நான் கிடந்தேன். அடுத்த கட்டிலில் அன்னக்கொடி. உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டவள். சிம்னி விளக்கு சாய்ந்து சேலையில் பிடித்து, கழுத்தும் முகமும் கைகளும் வெந்து வந்திருந்தாள். அவள் போட்ட சத்தத்தில் என் வலியைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

கட்டுப் பிரிக்கும் நாள்தான் நரகம். துணியோடு தோலும் சேர்ந்து வரும். அந்த நாளாகப் பார்த்து ஒரு மாதர் சங்கம் வந்து சேர்ந்தது. பாட்டும் படமும் இருந்தால் நோயாளி சீக்கிரம் தேறுவாள் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். பட்டுச்சேலை சரசரக்க ஆர்மோனியத்தை வைத்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் துணியை உரிக்க உரிக்க அவர்கள் பாடினார்கள். அன்னக்கொடி கத்தக் கத்த அவர்களும் சத்தத்தைக் கூட்டினார்கள்.

"பாட்டக் கேளும்மா, வலி தெரியாது" என்று தலைவியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அப்ப உங்க தோல உரிச்சுப் பாப்போம், நாங்க பாடுறோம்" என்றேன் நான். அதோடு ஆர்மோனியம் வருவது நின்றது.

அன்னக்கொடிக்குப் பேச்சி என்று நாலு வயதில் ஒரு பெண். புருஷன் மொக்கையன் ஒருமுறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிள்ளை தாயைப் பார்த்து அலறி, அப்பன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மாகிட்டப் போவோம், இது வேணாம்" என்று அழுதது. அன்றிலிருந்து அன்னக்கொடி கஞ்சியைத் தொடவில்லை.

"எம்பிள்ளைக்கு என் மொகம் மறந்து போயிரும்க்கா." எப்போது பார்த்தாலும் இதே பேச்சு. வீட்டில் அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவளை யார் படம் பிடித்து மாட்டினார்கள்? செத்தால்தான் பொட்டு வைத்து, மாலை போட்டுச் சுவரில் ஏற்றுவார்கள்.

இதைக் கேள்விப்பட்டு சங்கத்து அம்மாக்கள் ஓர் ஆளை அனுப்பி வைத்தார்கள். பெயர் சுடலை. சினிமா கொட்டகைகளுக்குப் பேனர் எழுதுகிறவன். அவள் சொல்லச் சொல்ல, வெந்து போவதற்கு முன்னால் இருந்த முகத்தை வரைய வேண்டும் என்று அவனுக்கு உத்தரவு. இந்தக் கூத்து வேறயா என்று நினைத்தேன். அவனோ முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"நெத்தி எம்புட்டு அகலம் தங்கச்சி?"

"மூணு வெரக்கட அண்ணே."

"கன்னத்துல குழி விழுமா?"

"சிரிச்சா மட்டும்."

"அப்பச் சிரிக்கிற மாதிரியே போட்டுருவோம்."

மத்தியான நேரங்களில் வந்து வந்து வரைந்தான். புருவம் தப்பு, காது தப்பு என்று அவள் அவனைப் பாடாய்ப் படுத்தினாள். அழித்து அழித்துப் போட்டான். பேச்சு வளர வளர அவள் கஞ்சி குடித்தாள், பிறகு சோறு கேட்டாள். படம் முடிந்ததும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள். சும்மா சொல்லக் கூடாது, அவளை எழுப்பி உட்கார வைத்தது அந்தப் படம்தான்.

அடுத்த வாரம் அவள் மாமியார் செல்லத்தாய் வந்தாள். படத்தைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தாள்.

"அச்சு அசலா இருக்கேடி. குடு, வீட்டுல மாட்டுறேன். பிள்ளை பாத்துக்கிட்டே இருக்கட்டும்."

அன்னக்கொடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியாக்கா, எங்கத்தைக்கு எம்மேல எம்புட்டுப் பிரியம்" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் நெஞ்சு குளிர்ந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. கடலை பிடுங்குகிற நேரம், ஆள் கிடைத்திருக்காது என்று அவளே சமாதானம் சொன்னாள்.

எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பேரையூர் போக வேண்டியவள். அவளைக் கூட்டிப் போக யாரும் வராததால் கூடவே போனேன். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை. அவளுக்கு அது உறைக்கவே இல்லை. "படத்தப் பாத்துப் பாத்துப் பிள்ளைக்கு என் மொகம் பழகியிருக்கும்க்கா. இனிப் பயப்படாது" என்றாள்.

வாசலில் ஒரு சின்னப் பெண் புதுத்தாலியோடு நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். திறந்த கதவு வழியாகச் சுவர் தெரிந்தது. கண்ணாடி போட்ட படத்தில் அன்னக்கொடி சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம், சுற்றிலும் மாலை, கீழே விளக்கு.

செல்லத்தாய் வெளியே வந்து கதவைப் பாதி சாத்தினாள். "நீ எதுக்குடி வந்த? மூத்தவ செத்துட்டான்னு சொல்லித்தான் பொண்ணு கேட்டோம். படத்துக்குப் புதுச்சேலை வச்சுக் கும்பிட்டுத்தான் அவ கழுத்துல தாலி ஏறுச்சு. இப்ப உசுரோட வந்து நின்னா நாங்க என்ன பண்றது?"

மொக்கையன் தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். தலையைத் திருப்பவே இல்லை.

"நீங்கல்லாம் சோறுதான் திங்கிறீகளா?" என்று ஆரம்பித்தேன். இன்னும் என்னென்னவோ வாயில் வந்தது. அன்னக்கொடி என் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"பிள்ளைய மட்டும் பாத்துட்டுப் போறேன் அத்தை."

"பாத்துட்டுப் போ. ஆத்தான்னு மட்டும் சொல்லாத. பிள்ளை படத்தக் கும்பிட்டுத்தான் சோத்துல கை வைக்கிது. உன்னைய ஆத்தான்னு காட்டுனா சீக்குல விழுந்துரும்."

அன்னக்கொடி முந்தானையை முகத்துக்கு இழுத்து மூடிக்கொண்டு வாசல் மண்ணில் உட்கார்ந்தாள். பேச்சி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தது.

"நீ யாரு?"

"ஆசுபத்திரியில இருந்து வாரேன் பாப்பா."

"எங்கம்மாவும் அங்கதான் செத்துப்போச்சு. நீ பாத்தியா?"

"பாத்தேன்."

பிள்ளை ஒரு அடி கிட்டே வந்தது. "அம்மாவுக்கு வலிச்சுச்சா?"

அன்னக்கொடி கையை நீட்டப் போனவள், வெந்த விரல்களை மடக்கி மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"இல்ல கண்ணு. வலிக்கவே இல்ல."