கூடிப்போன நிலம்

பதினேழு வருட சர்வேயர் வேலையில், "என் நெலம் கொறஞ்சுபோச்சு" என்று வந்து அழுதவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அம்சம் ஒருத்திதான், "என் நெலம் கூடிப்போச்சு மேடம், வந்து அளந்து பாருங்க" என்று நான்கு முறை மனு கொடுத்தவள். எனக்கு எரிச்சலாக வந்தது. கூடினால் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே!

நன்னிலத்துக்குத் தெற்கே, கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வயல். வரப்பில் நின்று அம்சம் சொன்னாள்: "ஆறு வருசத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரரு மருதையன் தண்ணி பாய்ச்ச வந்தவரு, வீடு திரும்பல. எவளோடயோ ஓடிட்டாருன்னு ஊரே பேசுச்சு. அந்த வாரந்தான் இந்த எல்லைக்கல்லும் எடம் மாறுச்சு. ஏன் மாறுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

பக்கத்து வயல்காரர் அறிவுச்செல்வன் சிரித்தார். "நான் ஏதாச்சும் கேட்டனா மேடம்? அனுபவிச்சுட்டுப் போவட்டும், விடுங்க."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. செயற்கைக்கோள் சிக்னலை வைத்து அளக்கும் ரோவர் கம்பை மூன்று மூலைக் கற்களின் மேல் வைத்தேன். நொடியில் அளவு நின்றது. நான்காவது கல்லில் மட்டும் நிற்கவில்லை. எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மேலே மரமில்லை, மின்கம்பியில்லை, வெறும் வானம். ஓரடி தள்ளி வைத்தால் நின்றது. கல்லின் மேல் வைத்தால் மறுபடி ஓடியது. சனியனே என்று கருவியைத் திட்டினேன். உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

வரைபடத்தைப் பார்த்து, மற்ற மூன்று கற்களிலிருந்து நாடா பிடித்தேன். கல் இருக்க வேண்டிய இடம் அம்சத்தின் பக்கம் ஐந்தடி தள்ளி விழுந்தது. அங்கே, என்னோடு வந்த ஆட்களைத் தோண்டச் சொன்னேன். எல்லைக்கல் நடும்போது அடியில் கரி போடுவது பழைய வழக்கம். கல்லைத் தூக்கிப் போகிறவன் கரியை மறந்துவிடுவான். அது மண்ணில் மக்காது. முழங்கால் ஆழத்தில் கரி இருந்தது.

ஆக, கல் அறிவுச்செல்வனின் வயலுக்குள்ளே போயிருக்கிறது. தன் நிலத்தை விட்டுக்கொடுக்க எவனய்யா கல்லை நகர்த்துவான்? அப்போதுதான் உறைத்தது. வயலில் எங்கே வேண்டுமானாலும் மண்வெட்டி விழும், ஏர் ஓடும். கேஸாகிவிடும் என்ற பயத்தில் எல்லைக்கல்லின் அடியை மட்டும் யாரும் தொடமாட்டார்கள்.

"கல்லைப் பிடுங்குங்க" என்றேன்.

"வேணாம் மேடம்!" அறிவுச்செல்வன் ஓடிவந்து கல்லைக் கட்டிக்கொண்டார். ஆட்கள் அவரைப் பிரித்து இழுத்தார்கள். கல் வந்தது. அந்தக் கோடையிலும் அடிமண் ஈரமாக இருந்தது. நாலடியில் ஒரு வெள்ளி அரைஞாண்கொடி தெரிந்தது, அதற்குள் எலும்பு.

நான் போலீசுக்குப் போன் செய்தேன். அம்சம் குழிக்குள் குனிந்து அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இவரு கெடக்குறது யாரு நெலத்துல?"

"அறிவுச்செல்வன் நெலத்துலக்கா. எல்லையிலேருந்து அஞ்சடி உள்ள."

"அளவோட எழுதிக் குடுங்க. எம் புருசன் எங்கயும் ஓடிப்போவலன்னு எழுதிக் குடுங்க."