கசிமிரோவின் கரை

புயல் ஓய்ந்த மறுநாள் கடற்கரையில் கிடந்தவனை என் பாவாடையில் சுருட்டித்தான் தூக்கிவந்தேன். சாலையோர வல்லூறு, கம்பிமேல் உட்கார்ந்து ஓணான் பிடிக்கிற ஜாதி. கசிமிரோ என்று பெயர் வைத்தேன். கடலுக்குப் போய்த் திரும்பாத என் புருஷனின் பெயர். அவரும் இப்படித்தான் முறைப்பார்.

எனக்குப் பறவைக் காப்பகத்தில் தீனி போடும் வேலை. ஒடிந்திருந்த சிறகு கூடிவர வசந்தம் வரை ஆயிற்று. பிறகுதான் கேள்வி வந்தது: இவன் எங்கள் யுகத்தான் கரைக்காரனா, கடலுக்கு எதிரே கொசுமெல் தீவுக்காரனா? தன் இனத்தோடுதான் விட வேண்டும். தீவு இனம் பொடிசு, கொஞ்சம் வெளுப்பு. கரைக்காரன் என்றால் இங்கேயே விடலாம், தினமும் பார்க்கலாம். கடவுளே, கரைக்காரனாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நான் அவனை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, காப்பக ஆராய்ச்சிக்காரி மினெர்வா இறக்கையை அளந்தாள்.

"தொமாசா அக்கா, நசுக்கிடாதீங்க!"

"நீ ஒரு கொத்து வாங்கிப் பாரு, அப்புறம் பேசு. எந்த ஊர்க்காரனாம்?"

"கரையில இருக்கிற ஆம்பளை அளவு கச்சிதமா இருக்கு. நிறம்தான் கொஞ்சம் வெளுப்பு. வெயில்ல வெளுத்திருக்கும். இங்கயே விட்டுடலாம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மத்தியானம் வலைத்தூளியில் கண்ணயர்ந்தேன். கடல் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்து என் தலைமாட்டில் நின்றது. கசிமிரோ தண்ணீர்மேல் நடந்து போய்க்கொண்டிருந்தான். கூப்பிட்டேன், திரும்பவில்லை. அது புருஷனா பறவையா என்று தெரியவில்லை.

விழித்துப் போய்ப் பார்த்தால், கூண்டு மூலையில் ஒரு முட்டை.

"அடப்பாவி, நீ பொம்பளையா!"

வல்லூறுகளில் பெண்தான் பெரிது. கரை ஆணின் அளவில் ஒரு பெண் என்றால் அவள் தீவுக்காரி. முட்டை என் உள்ளங்கையில் கதகதப்பாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை. பொரித்துத் தின்றுவிட்டால் இவள் எனக்குத்தான். ஆனால் முட்டையிடும் வயதுக்காரிக்கு அங்கே ஒருத்தன் இருப்பானே, கடலையே பார்த்துக்கொண்டு? அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"மினெர்வா! ஓடி வாடி!"

அவள் முட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல. எம் புருஷன் ரெண்டாவது தடவையும் கடலுக்கே போறாரு."

படகில் கூண்டை மடியிலேயே வைத்திருந்தேன். தீவில் கதவைத் திறந்ததும் பறந்தாள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சப்போட்டா மரத்திலிருந்து இன்னொரு வல்லூறு விடாமல் கூவியது.

"கத்தாதடா, வந்துட்டா," என்றேன்.