உறவு என்ற கட்டம்

மூன்றாவது முறையாகவும் படிவம் தேரிமின் கைக்கே திரும்பி வந்தது.

தேகு நகரத்து மனநல மருத்துவமனை. பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு மேசை. படிவத்தில் மூன்றே கட்டங்கள்: வருபவர் பெயர், உள்ளே இருப்பவர் பெயர், உறவு. குடும்பத்தாருக்கு மட்டும்தான் கதவு திறக்கும்; செவ்வாயும் வெள்ளியும், பத்து நிமிடம்.

முதல்முறை 'நண்பன்' என்று எழுதினான். செல்லாது. அடுத்து 'தம்பி' என்று எழுதினான். அது முழுப்பொய்யும் இல்லை. உள்ளே இருக்கும், தன்னைவிட இரண்டு வயது மூத்த க்யூவொனை அவன் மூன்று வருடமாக அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறான். அவர்கள் மொழியில் மூத்த காதலனைக் கூப்பிடவும் அதே சொல்தான்.

"நீங்க ஓக் தேரிம். அவரு ப்யோ க்யூவொன்," என்றாள் மேசைக்காரி அன்று. "ஒரே அப்பாவுக்கு ரெண்டு குடும்பப் பேரா? நல்லா இருக்கு தம்பி கதை."

இன்று கட்டத்தைக் காலியாக விட்டிருந்தான்.

"உறவே இல்லாம எதுக்குப்பா வந்து வந்து நிக்கறீங்க?"

அறுவடைத் திருநாளுக்கு ஊருக்குப் போன க்யூவொனை, நம் காதலை வீட்டில் சொல்லிவிடு என்று தூண்டியது தேரிம்தான். சொன்னான். அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசவில்லை. பிறகு தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று, வேலையும் போயிற்று. உள்ளே கைபேசி கிடையாது. தேரிமும் கைவிட்டுவிட்டான் என்றே நினைத்துக்கொண்டு க்யூவொன் படுத்திருப்பான்.

லிஃப்ட் திறந்தது. கஞ்சித் தூக்கோடு க்யூவொனின் அம்மா வந்தாள். புகைப்படத்தில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டு நின்றாள்.

"நீதானா அது?"

"ஆமாம்மா."

"அம்மான்னு கூப்பிடாத." அவன் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். "எத்தனாவது தடவை?"

"மூணாவது."

"யாராவது வந்தாங்களான்னு ஒவ்வொரு தடவையும் கேக்கறான். நான் வந்து நின்னாலும் அதையேதான் கேக்கறான்."

பிறகு மேசையை நோக்கித் திரும்பினாள். "இது என் தங்கச்சி பையன். அவ வீட்டுக்காரர் ஓக் குடும்பம்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி," என்றாள் மேசைக்காரி.

தூக்கை அவனிடம் நீட்டினாள் அம்மா. "ஆறிடும், ஊட்டி விடு. பெரியம்மான்னு கூப்பிடு. இங்க மட்டும்."

குடும்பப் பெயர் வேறாக இருந்தும் ஒருவன் தம்பியாக இருக்கலாம். அதற்கு அவன் சித்தி மகனாக இருந்தால் போதும். தேரிம் மூன்றாவது கட்டத்தில் 'சித்தி மகன்' என்று எழுதினான். கதவு திறந்தது.